என் வீட்டுக்காரரின் ஐஸ் கம்பெனி

பாறசாலையில் கல்யாணமான ஓர் ஆண்பிள்ளையிடம் கேட்கிற முதல் கேள்வி "சுகமா?" என்பதல்ல, "என்ன ஜோலி?" என்பதுதான். நர்ஸைக் கட்டினவன் என்றால் அந்தக் கேள்விக்குத் தனியாக ஒரு ராகமே உண்டு. பெண்டாட்டி வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் ஓடி ஓடி உழைக்கிறாள், இவன் டிபென்டென்ட் விசாவில் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலே போனவன், அங்கே போய் என்னத்தைக் கிழிக்கிறான் என்று அறிந்துகொள்ள ஊருக்கு உரிமை இருக்கிறதல்லவா? நான் திருப்புறத்திலிருந்து, கேரள எல்லையோரம் இருக்கிற இந்தப் பாறசாலைக்கு வாக்கப்பட்டு வந்தவள். வளைகுடா நாடு ஒன்றில் பதினான்கு வருஷம் அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்தேன். என் வீட்டுக்காரரைப் பற்றிய அந்தக் கேள்விக்குப் பத்து வருஷமாக ஒரே பதிலைச் சொல்லி வந்தேன்: "ஐஸ் கம்பெனியில சூப்பர்வைசர்."

அவர் எந்த ஐஸ் கம்பெனியிலும் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. அவர் ஐஸ் ஹாக்கியில் கோல்கீப்பர். பொழுதுபோகாமல் ஆடியதல்ல, சம்பளம் வாங்கி ஆடியது.

ஐஸ் ஹாக்கி என்றால் என்னவென்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியாததில் குற்றமில்லை. எங்களுக்குத் தெரிந்த ஐஸ், பூவாறில் மீன் பெட்டிக்குள் கொட்டுகிற ஐஸ். எனக்கும் அவ்வளவுதான் தெரியும். அங்கே போன முதல் இரண்டு வருஷம் அவர் வீட்டில் சோறு பொங்கி, என் யூனிஃபார்மைத் தேய்த்து, பால்கனியில் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எலக்ட்ரிக்கல் டிப்ளமா கையில் இருந்தது, வேலை இல்லை. பிறகு பெரிய மால் ஒன்றில் இருந்த ஐஸ் மைதானத்தில் ஷூ கவுண்டரில் ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுச் சேர்ந்தார். வெளியே வெயிலில் நின்றால் செருப்பு தார்ரோட்டில் ஒட்டிக்கொள்ளும், உள்ளே ஆட்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வழுக்கி விளையாடுவார்கள். இவருடைய வேலை, அடியில் கத்தி வைத்த ஷூவை எடுத்துக் கொடுப்பது, திரும்பி வந்ததும் உள்ளே நாற்றத்துக்கு மருந்து அடித்து வைப்பது.

சாயங்காலமானால் அந்த மைதானத்துக்குப் பெரிய மனிதர்கள் வருவார்கள். குளிர் நாட்டு இன்ஜினியர்கள். பகலெல்லாம் பாலமும் குழாயும் போட்டுவிட்டு, சாயங்காலம் மெத்தை மெத்தையாகக் கவசம் கட்டிக்கொண்டு, வளைந்த கம்பால் ஒரு ரப்பர் வட்டைத் துரத்துவார்கள். அந்த விளையாட்டில் அடிக்க எல்லாருக்கும் ஆசை. அடிபட நிற்பதற்கு மட்டும் ஆள் இருக்காது. அதனால் கோல்கீப்பருக்கு எப்போதும் பஞ்சம். ஒருநாள் ஒரு டீமின் கோல்கீப்பர் வரவில்லை. ஷூ கவுண்டரில் இருந்த மனிதனைப் பார்த்தார்கள். உயரம் இருக்கிறது, அகலம் இருக்கிறது, கையில் வேலை ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரரின் திறமையை உலகம் கண்டுபிடித்தது இப்படித்தான்.

ஆள் வராத நேரங்களில் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வழுக்கிப் பழகியிருந்தார். அது போதும் என்றார்கள். கவசத்தை மாட்டி, பீரோவை நகர்த்துவதுபோல் நாலு பேர் தள்ளிக்கொண்டு போய் கோல் வாயில் நிறுத்தினார்கள். அன்றைக்குப் பதினான்கு கோல் விழுந்தது. ஆனாலும் முடிந்ததும் எல்லாரும் வந்து அவர் தோளில் தட்டினார்களாம். எதற்கென்றால், இவர் பயந்து ஓடவில்லை. அடுத்த வாரமும் கூப்பிட்டார்கள். நரைத்த தாடிக்காரர் ஒருவர், அந்தக் காலத்து கோல்கீப்பர், இவரைப் பிடித்து உட்கார்த்தி நிமிர்த்திச் சொல்லிக்கொடுத்தார். ஒரு வருஷத்தில் மேட்சுக்கு இவ்வளவு என்று கொடுக்க ஆரம்பித்தார்கள். அதற்கும் அடுத்த வருஷம் ஒரு டீம் சீசன் முழுவதற்கும் ஒப்பந்தம் போட்டது. அவர் ஷூ கவுண்டரை விட்டார்.

எனக்கு விஷயம் முழுதாகத் தெரிந்தது அவர் உடம்பைப் பார்த்துத்தான். தோளில், தொடையில், விலாவில் எல்லாம் நாவல்பழ நிறத்தில் வட்ட வட்டமாகக் கன்றிப்போயிருந்தது. ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் முதல் கேள்வி தானாக வந்தது.

"யாரு அடிச்சா?"

"எல்லாரும்" என்றார், பெருமையாக.

அந்த வட்டு கெட்டி ரப்பர். ஆட்டத்துக்கு முன்னால் அதை ஃபிரீஸரில் வைத்துக் கல்லாக்குவார்கள், குதிக்கக் கூடாதாம். எங்கள் ஊரில் விடியற்காலை எழுந்து பால் வெட்டி, உறை ஊற்றி, ஷீட் அடித்து விற்கிற ரப்பர் கடைசியில் கடல் கடந்து வந்து என் புருஷன் நெஞ்சிலேயே அடிக்கும் என்று யார் கண்டது?

தொழில் ரகசியத்தையும் ஒரு தடவை எனக்கு விளக்கினார். தோசைக்கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் முட்டி மடக்கி நின்றார். கோல் ஆறடி அகலம், நாலடி உயரம். இரண்டு முட்டியையும் சேர்த்துத் தரையில் போட்டு, பாதங்களை இரண்டு பக்கமும் விரித்தால் கீழே வழி அடைபட்டுவிடும். மேலே கையும் நெஞ்சும் பார்த்துக்கொள்ளும். "நாலடிக்கு மேல போறது எதுவானாலும் அது நம்ம பிரச்சினையே இல்ல. விட்டிரணும். திரும்பிக்கூட பாக்கப்பிடாது" என்றார். இந்த நாலடிக் கணக்கைக் கொஞ்சம் ஞாபகம் வையுங்கள். பின்னால் மானம் போகிற இடத்தில் வரும்.

இனி என் பொய்யின் கதை. அதற்கு என் மாமனாரைச் சொல்ல வேண்டும். பாறசாலை ஹைவே ஓரத்தில் டைல்ஸும் க்ளோசெட்டும் விற்கிற கடை அவருடையது. எழுபது தாண்டியும் கல்லாவில் அவர்தான் உட்காருவார். கர்த்தரிடம் பயம் உண்டு, வேறு யாரிடமும் கிடையாது. இந்த உலகத்தில் அவர் வெறுத்தது ஒன்றே ஒன்று, நோக்குகூலி. கேரளத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது புரியாது. லாரியில் சரக்கு வரும். இறக்குவதற்குக் கிரேன் இருக்கும், சொந்த ஆள் இருக்கும். ஆனால் அந்த ஏரியாவின் சுமட்டுத் தொழிலாளிகள், சுமை தூக்குகிற யூனியன்காரர்கள், வந்து, கைகட்டி நின்று, கிரேன் இறக்குவதை நோக்கிக்கொண்டிருப்பார்கள். நோக்கினதற்குக் கூலி. சட்டப்படி அது எப்போதோ நின்றுபோயிற்று. அந்தச் சட்டத்தை லாரியிலிருந்து இறக்க யாரும் இன்னும் கூலி கொடுக்கவில்லை போலிருக்கிறது, பாறசாலையில் அது இறங்கவே இல்லை.

என் வீட்டுக்காரருக்கு முதல் ஒப்பந்தம் கிடைத்த வாரம் மாமா ஃபோன் பண்ணினார். அன்றைக்குப் பார்த்து டைல்ஸ் லோடு வந்திருந்தது.

"மக்கா, கிரேன் வச்சு எறக்கினோம் கேட்டியா? எட்டு பேரு அந்தால கையக் கெட்டி நின்னு பாத்தானுவ. நின்னதுக்குக் கூலியாக்கும்! சும்மா ஒரு எடத்தில நிக்கதுக்கு ஒருத்தன் கூலி வாங்கலாமா? அவனுக்கு அந்தச் சோறு தொண்டையில எறங்குமா?"

"எறங்காது மாமா" என்றேன்.

"அது கெடக்கட்டு. அவனுக்கு ஜோலி வல்லதும் கிட்டிச்சா?"

உங்கள் மகன் ஆறடி அகலத்தில் ஒரே இடத்தில் நிற்கிறார், நின்றதற்குக் கூலி வாங்குகிறார் என்று அந்த நிமிஷத்தில் எப்படிச் சொல்ல? வாயில் வந்தது ஐஸ் கம்பெனி. சூப்பர்வைசர் பதவியையும் நானேதான் கொடுத்தேன். மாமா "ஸ்தோத்திரம்" என்று ஃபோனை வைத்தார்.

ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்த்த நர்ஸுகளுக்கும் அதே பதில்தான். அவர்கள் வீட்டுக்காரர்களெல்லாம் அக்கவுண்டண்ட், சேஃப்டி ஆபீசர், லேப் டெக்னீஷியன். ஆளுக்கொரு பதிலாகச் சொன்னால் எனக்கே குழம்பிவிடும் என்பதால் மாமாவுக்குச் சொன்னதையே அவர்களுக்கும் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படித்தான் நானும் வைத்துக்கொண்டேன்.

பொய்யை நான் சின்னதாகத்தான் போட்டேன். அதை வளர்த்தது ஊர். எங்கள் சபை பழைய மிஷன் சபை. காலையில் தமிழ் ஆராதனை, பிறகு மலையாள ஆராதனை. இரண்டிலும் போதகர் "ஐஸ் கம்பெனியில் மேற்பார்வை செய்கிற மகனுக்காக" ஜெபித்தார். கர்த்தர் அந்தக் கம்பெனியை எங்கே தேடினாரோ பாவம். லீவுக்கு வந்தபோதெல்லாம் பெண்கள் சங்கத்தில் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "எனக்க மருமவனுக்கு அந்த ஐஸ் கம்பெனியில ஒரு விசா கிட்டுமா மக்கா?" என்பார்கள். "இப்ப ஆள் எடுக்கல்ல" என்பேன். மாமா தன் பங்குக்கு இரண்டு வருஷத்தில் மகனை மேனேஜராக்கிவிட்டார். எனக்குக்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒரு லீவில் பூவாறிலிருந்து மாமாவின் சிநேகிதர் ஒருவர் வந்தார். சொந்தமாகப் படகும், மீனுக்கு ஐஸ் அடிக்கிற சின்ன பிளாண்டும் வைத்திருந்தவர். "மேனேஜர் வந்து நம்ம பிளாண்ட ஒண்ணு பாத்துத் தரணும்" என்று என் வீட்டுக்காரரைக் கையோடு கூட்டிக்கொண்டு போனார். நானும் போனேன். என் வீட்டுக்காரர் ஐஸ் கட்டிகளைச் சுற்றி வந்தார், ஒன்றின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினார். தொழில் பழக்கம், தளம் வழவழப்பாக இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார். "நல்ல ஐஸ்" என்றார். அந்த நிபுணத்துவத்துக்கு இரண்டு கிலோ நெய்மீன் கொடுத்தனுப்பினார்கள்.

திரும்பும் பஸ்ஸில் அவர் மீன் பையை மடியில் வைத்து, அதன் வாயை மறுபடி மறுபடி முறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "அப்பாவுக்கு வெக்கம். எனக்க ஜோலி என்னன்னு வெளிய சொல்லதுக்கு வெக்கம். அதாக்கும் ஐஸ் கம்பெனின்னு ஒண்ணக் கெட்டி விட்டிருக்கு."

நான் ஜன்னல் வழியாகத் தென்னைகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். கெட்டிவிட்டது நான்தான் என்று சொல்ல நெய்யாற்றங்கரை வரைக்கும் நேரம் இருந்தது. அங்கே இறங்கி வேறு பஸ் பிடித்தோம், அதிலும் நேரம் இருந்தது. சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவர் அப்பாவோடு பேசுவது குறைந்துகொண்டே போனது. ஃபோனில் "சாப்பிட்டீங்களா", "மழை உண்டா", அவ்வளவுதான். ஒரு சீசனில் சிறந்த கோல்கீப்பர் என்று வெள்ளி நிறத்தில் ஒரு கப் கொடுத்தார்கள். ஊருக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டார். பெட்டியில் எடை கூடிவிடும் என்றேன். கப்பைச் சமையலறையில் வைத்து அதில் கரண்டிகளைப் போட்டேன். நல்ல ஆழமான கப், மத்துகூட நிற்கும்.

பத்தாவது வருஷம் இடுப்பு போனது. ஒரு நாளில் ஐம்பது தடவை முட்டியைத் தரையில் போட்டு எழுந்தால் எந்த இடுப்பு தாங்கும்? ஸ்கேனை டாக்டருக்கு முன்னால் நான்தான் பார்த்தேன். மூட்டுக் கிண்ணத்தின் ஓரம் கிழிந்திருந்தது. டீம் ரொம்ப மரியாதையாகக் கைகுலுக்கி, கேக் வெட்டி, குளிர் தேசத்திலிருந்து இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவனை அடுத்த வாரமே கொண்டுவந்து நிறுத்தியது. எனக்கும் அலுத்துப் போயிருந்தது. வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு இரண்டு பேரும் ஊருக்கே வந்துவிட்டோம். கவசங்கள் அடைத்த பை ஒன்று, ஆள் படுக்கலாம், அவ்வளவு பெரியது. விமான நிலையத்தில் அதைத் திறந்த அதிகாரி, நாற்றம் தாங்காமல் தானே மூடிக்கொடுத்தார். மாமா அதைப் பார்த்து "இதென்ன மக்கா?" என்றார். "கம்பெனி சாதனம்" என்றேன்.

ஓணம் வந்தது. எங்கள் பக்கத்து கிளப்புகள் ஓணத்துக்கு உறியடி நடத்தும், கயிறு இழுக்கிற வடம்வலி நடத்தும், கடைசியில் ஷூட்டவுட் நடத்தும். ஷூட்டவுட் என்றால் ஃபுட்பால்தான், ஆனால் ஓட்டமெல்லாம் கிடையாது. கோல்கீப்பர் ஒருவர் நிற்க, எதிராளி ஐந்து பேர் ஆளுக்கொரு தடவை பந்தை அடிக்க வேண்டும். ஜெயித்தால் ஓர் ஆடு, தோற்றவர்களுக்கு ஓர் ஏத்தன் வாழைக்குலை. கிளப் செகரட்டரி ஓர் இன்சூரன்ஸ் ஏஜென்ட். அவருடைய மச்சான் நாங்கள் இருந்த ஊரில்தான் இருந்தான். என் வீட்டுக்காரர் ஆடுவதை யாரோ எடுத்துப் போட்ட ஐஸ் ஹாக்கி வீடியோ ஒன்று மச்சான் வழியாக அவர் ஃபோனுக்கு வந்துவிட்டது. மாமா கடையில் இருந்த நேரம் பார்த்து செகரட்டரி வீட்டுக்கு வந்தார்.

"அண்ணா, நீங்க இன்டர்நேஷனல் கோளியாக்கும்னு ஒரு வாக்கு சொல்லலியே! வியாபாரிகள் டீமுக்கு நீங்க நிக்கணும்."

எங்கள் பக்கம் கோல்கீப்பரைக் கோளி என்பார்கள். "இடுப்பு சரியில்லை, நிற்க முடியாது" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் என் வீட்டுக்காரர் சரி என்றுவிட்டார். அன்று அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. செகரட்டரி போனபின் சண்டை போட்டேன். நர்ஸாகச் சொன்னேன், பெண்டாட்டியாகச் சொன்னேன், அழுதும் பார்த்தேன்.

"ஒரு தடவ" என்றார். "அப்பா பாக்கட்டு. பாத்திட்டு வெக்கப்படட்டு."

மறுநாளிலிருந்து ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு, அந்தர்தேசிய கோளி இறங்குகிறார் என்று மலையாளத்தில் ஊரைச் சுற்றினார்கள். மாமா மதியச் சோற்றுக்கு வந்தவர், கை கழுவிக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"மக்கா, மைக்கில என்னவோ சொல்லுகானுவளே. ஐஸ் கம்பெனியில கோளியும் உண்டா?"

"கம்பெனி டீம் மாமா. சும்மா ஒரு வெளயாட்டு."

"ஓ" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

எதிர் டீம் யார் தெரியுமா? சுமட்டுத் தொழிலாளிகள். மாமாவின் கடை முன்னால் கைகட்டி நிற்கிற அதே எட்டுப் பேரிலிருந்து ஐந்து பேர். மூத்த வியாபாரி என்று மாமாவுக்கு முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். அவருக்குப் பின்னால் நான். என் வீட்டுக்காரர் மூங்கில் கம்பங்களுக்கு நடுவே போய் நின்றார். கவசம் இல்லாமல் அவரை கோல் வாயில் பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. உரித்த கோழிபோல் இருந்தார்.

முதலாவது வந்தவன் க்ளோசெட்டை ஒற்றைத் தோளில் தூக்குகிறவன். அடித்தான். பந்து அவர் தலைக்கு ஒரு சாண் மேலே போயிற்று. அவர் அதை அமைதியாகப் பார்த்தார். கையைக்கூடத் தூக்கவில்லை. பந்து வெளியே போய்விட்டது என்று நிம்மதியாக எங்கள் பக்கம் திரும்பி லேசாகச் சிரித்தார். பந்து அவருக்குப் பின்னால் வலையில் கிடந்தது.

ஒரு நிமிஷம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு மைதானமே உருண்டு புரண்டு சிரித்தது. எனக்கு மட்டும்தான் தெரியும், அந்த மனிதர் பத்து வருஷம் நாலடி உயர வாசலைக் காத்தவர். எங்கள் கிளப்பின் கம்பம் எட்டடி. இது அவர் மூளைக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியாது. இரண்டாவது பந்தும் மேலே. கை பாதி எழும்பி நின்றுவிட்டது. அதற்குள் தொழிலாளிகளுக்கு வழி தெரிந்துவிட்டது. மூன்றாவதையும் மேலேதான் அடித்தார்கள்.

கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான்: "மொதலாளியே! ஒங்க மோன் நின்னு நோக்குகானே! நோக்குகூலி யாரு குடுப்பா?"

மாமாவின் கழுத்து பின்னாலிருந்து பார்க்கவே சிவந்துபோனது. அவர் திரும்பவில்லை. அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

நாலாவது ஆளுக்குக் கால் சறுக்கியதோ என்னவோ, பந்து தரையோடு தரையாக இடது மூலைக்கு வந்தது. என் வீட்டுக்காரர் விழுந்தார். விழுந்தார் என்று சொல்லக் கூடாது, மடங்கி விரிந்தார். முட்டி தரையில், இடது கால் கம்பம் வரைக்கும். பந்து பாதத்தில் பட்டுத் திரும்பி, அடித்தவன் காலடிக்கே வந்தது. அவன் விடாமல் பக்கத்திலிருந்தே மறுபடி ஓங்கி அடித்தான். அது நெஞ்சில். ஷூட்டவுட்டில் இரண்டாவது அடி செல்லாது, அது எல்லாருக்கும் தெரியும். இவர் அதையும் தடுத்தார். பந்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே கிடந்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

எழுந்திருக்க முடியவில்லை. நான் ஓடுவதற்கு முன்னால் தொழிலாளிகள் ஓடினார்கள். ஐந்து பேர். "மூலை இடிக்காம சாச்சுப் பிடி", "அந்தப் பக்கம் தாங்கு" என்று, கண்ணாடிச் சாமானைத் தூக்குகிற பக்குவத்தில் தூக்கிக்கொண்டுவந்து ஆட்டோவில் வைத்தார்கள். நாங்கள் தோற்றோம். ஏத்தன் குலையை என் மடியில் வைத்தார்கள்.

வீட்டில் கட்டிலில் படுக்க வைத்து, ஃபிரிட்ஜிலிருந்து ஐஸை எடுத்துத் துண்டில் கட்டி இடுப்பில் வைத்தேன். ஐஸ் கம்பெனி எங்கள் வீட்டுக்குச் செய்த ஒரே உபகாரம். மாமா வந்து கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"செகரட்டரி ஏதோ வீடியோ உண்டுன்னு சொன்னானே, அதக் காட்டு மக்கா."

செகரட்டரி எனக்கும் அனுப்பியிருந்தார். காட்டினேன். கவசம் கட்டிய பூதம் ஒன்று, அதன் மேல் நாலு பக்கமிருந்தும் அடி. விழுகிறது, எழுகிறது, விழுகிறது. மாமா மூன்று தடவை பார்த்தார். மூன்றாவது தடவை, ஒவ்வோர் அடிக்கும் அவர் தோள் கொஞ்சம் கொஞ்சமாகக் குலுங்கியது.

"எலே, இதாக்கும் ஒனக்க ஜோலியா? பத்து வருசமா?"

"ஆமா."

"எனக்கிட்ட ஏன் சொல்லல்ல?"

என் வீட்டுக்காரருக்கு அடக்கிவைத்ததெல்லாம் வந்துவிட்டது. "நீங்க எங்க கேட்டீங்க? ஊரு முழுக்க ஐஸ் கம்பெனி, ஐஸ் கம்பெனின்னு சொல்லிட்டு நடந்தீங்க. சபையில ஜெபம் வச்சீங்க. பூவாறுக்கு அனுப்பி ஐஸத் தடவ வச்சீங்க. மோன் செய்யுத ஜோலி ஒங்களுக்கு அவ்வளவு கொறச்சலாப் போச்சு."

மாமா என்னைப் பார்த்தார். ஒரே ஒரு நொடி. பத்து வருஷத்துக்கு முந்தைய அந்த ஃபோன் பேச்சு அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது, என் முகத்திலிருந்து எல்லாவற்றையும் படித்துவிட்டார். பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

"தப்பு எனக்குத்தான் மக்கா. ஐஸுன்னு எப்பமோ கேட்டேன், கம்பெனியாக்கும்னு நானே நெனச்சுக்கிட்டேன். வயசாச்சில்லா."

எனக்கு வந்த அடி அது. என் முன்னால் வந்து நின்று, கவசம் ஒன்றும் இல்லாமல், அந்த மனிதர் வாங்கிக்கொண்டார். பத்து வருஷமாக அவருடைய கோபத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு பொய் சொன்னவள் நான். பேசாமல் இருந்திருந்தால் அது அவரோடேயே போயிருக்கும். உண்மையைச் சொல்வதென்றால், கொஞ்ச நேரம் பேசாமல்தான் இருந்தேன்.

"மாமா இல்ல" என்றேன். "நானாக்கும் சொன்னது. முதல் நாள்லேருந்தே நான்தான்."

மாமா எழுந்தார். "கடையைப் பூட்டினேனான்னு ஒரு சம்சயம்" என்று வெளியே போனார். ஓணத்துக்காக இரண்டு நாளாகக் கடை பூட்டியே கிடந்தது.

என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். துண்டிலிருந்து தண்ணீர் சொட்டி மெத்தை நனைந்துகொண்டிருந்தது.

"அப்பாவுக்கு வெக்கம்னு நெனச்சேன். ஒனக்கா?"

நோக்குகூலி, அன்றைக்கு வந்த லோடு, மாமாவின் கோபம் எல்லாம் வாய் வரைக்கும் வந்தது. ஒன்றையும் சொல்லவில்லை. "ஆமா" என்றேன். "எனக்கு வெக்கமாத்தான் இருந்துது. ஆஸ்பத்திரியில ஒருத்தியிட்டகூட சொல்லல்ல. அந்தக் கப்ப அன்னைக்கு லீவுக்கு வேணும்னேதான் கொண்டுவர விடல்ல."

அவர் சுவரிலிருந்து முகத்தை என் பக்கம் திருப்பினார்.

"எனக்கும் இருந்துது" என்றார். "இல்லேன்னா பத்து வருசத்தில ஒரு ஃபோன்ல நானே சொல்லியிருப்பேன்லா."

நான் எழுந்துபோய்ப் பெட்டியின் அடியிலிருந்து, ஊருக்கு வரும்போது பழைய நைட்டியில் சுற்றி ஒளித்துக் கொண்டுவந்திருந்த கப்பை எடுத்துவந்து கட்டில் பக்கத்தில் வைத்தேன். உள்ளே கரண்டி உரசின கீறல்கள் தெரிந்தன. அவர் அதைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. இன்றைக்குவரை கேட்கவில்லை.

மறுநாள் காலையில் கப் அங்கே இல்லை. மதியம் சோற்றுப் பாத்திரத்தோடு கடைக்குப் போனேன். கப் கல்லாவின் மேல் இருந்தது. வாசலில் டைல்ஸ் லாரி நின்றுகொண்டிருந்தது, சரக்கு அப்படியே இருந்தது. கிரேன்காரர், லாரி டிரைவர், அந்த எட்டுப் பேர், எல்லாரும் கல்லாவைச் சுற்றி நின்றார்கள். நடுவில் மாமா, கையில் ஃபோன். "இன்னா பாரு, இப்ப ஒருத்தன் அடிப்பான் பாரு. எனக்க மோன் வெலகுகானான்னு பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் தொடங்கிய வீடியோவாம். லோடு இறங்க மூன்று மணியாயிற்று. அதுவரைக்கும் அத்தனை பேரும் நின்று நோக்கினார்கள். அன்றைக்கு யாரும் கூலி கேட்கவில்லை.